ஒப்பீட்டுத் தெரு

சீட்டுக் குலுக்கி எடுத்த மறுநாள் காலை ஒன்பதே காலிலிருந்து ஏழாம் தெருவுக்குள் நர்ஸால் கால் வைக்க முடியவில்லை. பால்காரர் போனார், தபால்காரர் போனார், இரண்டு நாய்கள் சண்டை போட்டுக்கொண்டே போயின. குறுக்கு வழியாக ஆறாம் தெருவுக்குப் போகலாமென்று வந்த நர்ஸ் மட்டும் தெருமுனையில் நடந்துகொண்டே இருந்தார். அரை மணி நேரம் நடந்தும் முனையிலிருந்த மின்கம்பத்தைத் தாண்டவில்லை. செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம்.

மருத்துவக் கல்லூரியின் பொதுச் சுகாதாரத் துறை நடத்திய ஆய்வு அது. நர்ஸ் வீடு தேடிப் போனால் சர்க்கரை நோயாளிகள் ஆஸ்பத்திரியில் படுப்பது குறையுமா என்பது கேள்வி. ஆறாம் தெருவுக்கு மூன்று வருஷம் நர்ஸ் உண்டு. ஏழாம் தெரு ஒப்பீட்டுக்கு. அங்கிருப்பவர்கள் எப்போதும்போல இரண்டு பஸ் மாறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொள்ள வேண்டும். எந்தத் தெருவுக்கு நர்ஸ் என்று சீட்டை எடுத்தவள் ஆய்வை நடத்திய பெண். ஏழாம் தெருவில் ஒன்பதாம் வீட்டில் தையல் மெஷின் மிதித்துக்கொண்டிருந்தது அவளுடைய சொந்த அக்கா. அக்காவுக்குப் பதினோரு வருஷமாகச் சர்க்கரை.

நர்ஸின் விஷயத்தைக் கேட்டதும் துறைத் தலைவருக்கு மனசு நிறைந்துவிட்டது. "மத்த ஊர்ல எல்லாம் நர்ஸ் பாவம் பார்த்து ஒப்பீட்டுத் தெருவுக்கும் போயிடுவாங்க, முடிவு கெட்டுடும். நமக்கு அந்தக் கவலையே இல்லம்மா," என்றார்.

இரண்டாம் வருஷம் அக்காவின் வலது பாதத்தில் ஒரு கொப்புளம் வந்து புண்ணானது. தினமும் கட்டு மாற்ற வேண்டிய புண். தினமும் இரண்டு பஸ் ஏறினால் புண் இன்னும் பெரிதாகும். தங்கை ஒரு நாற்காலியில் அக்காவை உட்காரவைத்து, பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலு பேர் தூக்க, மெயின்ரோட்டுக்கே கொண்டு வந்தாள். நர்ஸ் மண்டியிட்டு, கையுறை மாட்டி, கையை நீட்டினார். கை பாதத்துக்கு ஒரு சாண் முன்னால் நின்றுவிட்டது. எட்டி நீட்டினார், அப்போதும் ஒரு சாண்தான். தெரு அக்காவோடு வந்திருந்தது.

"என்னால முடியலம்மா, மன்னிச்சுக்குங்க," என்றார் நர்ஸ்.

"நீங்க என்ன பண்ணுவீங்க," என்றாள் அக்கா. "வெயில்ல வந்து நிக்கிறீங்களே. தண்ணி குடிக்கிறீங்களா?"

தங்கை துறைத் தலைவரிடம் போய் அக்காவை ஆய்விலிருந்து விடுவிக்கச் சொன்னாள். அவர் தயங்காமல் பெயரை அடித்துக் காட்டினார். மறுநாள் பட்டியலில் அடித்தல் இல்லை, பெயர் இருந்தது. பிறகு தானே கட்டுப்போடக் கற்றுக்கொண்டு, பஞ்சும் மருந்தும் பையில் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பிறந்ததிலிருந்து நடந்த தெரு. மின்கம்பம் நகரவில்லை. பையைக் கீழே வைத்தாள். அடுத்த அடியிலேயே தெருவுக்குள் இருந்தாள். அங்கேயே நின்று அழுதாள். மூன்று தடவை திரும்பப் போய்ப் பையை எடுத்துப் பார்த்தாள்.

புண் வந்த ஐந்தாம் மாதம் பெரிய ஆஸ்பத்திரியில் அக்காவின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அந்த வருஷக் கணக்கில் அது ஏழாம் தெருவின் பதினான்காவது ஆஸ்பத்திரிச் சேர்க்கை. ஆறாம் தெருவில் மூன்று. வித்தியாசம் அவ்வளவு சுத்தமாக இருந்ததால் மூன்று வருஷமும் முடிந்து எழுதிய கட்டுரையை வெளிநாட்டு இதழ் ஒரு திருத்தமும் கேட்காமல் போட்டது. தங்கையின் பெயர் முதலில் இருந்தது. அரசாங்கமும் ஏற்றுக்கொண்டு எல்லாத் தெருவுக்கும் நர்ஸ் என்று ஆணை போட்டது. ஏழாம் தெருவுக்கு ஆணை வந்தது, நர்ஸ் வரவில்லை. புகார் எழுதியதில் அதிகாரிகள் நாலு பேர் வந்தார்கள். தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் சுலபமாக நடந்துவிட்டு, தடை ஏதும் காணப்படவில்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

அதற்குப் பிறகு நர்ஸ்கள் மூன்று பேர் மாறிவிட்டார்கள். ஏழாம் தெருவில் வாடகை கொஞ்சம் குறைவு என்பதால் புதிதாகக் குடிவருபவர்களும் இருக்கிறார்கள். வீட்டுக்காரர்கள் தண்ணீர் வரும் நேரத்தைச் சொல்லும்போதே இதையும் சொல்லிவிடுகிறார்கள். அக்கா கை மெஷினுக்கு மாறிவிட்டாள். இடது பாதத்தில் இப்போது ஒரு கொப்புளம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் தங்கை வந்து பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துவிட்டுப் போகிறாள். வெறுங்கையோடு வருகிறவர்களைத் தெரு தடுப்பதில்லை.