மூன்று தட்டு

விடியுமுன்பே கத்திப் பட்டறையில் சாணைக்கல் அலறத் தொடங்கிவிட்டது. எண்ணெயும் இரும்புத் தூளும் கலந்த வாடை தொண்டையை அரித்தது. ஊசிக்கண் அக்கா மடக்குக்கத்திகளை விரித்து விரித்துப் பார்த்தாள். இழையளவு இடைவெளியும் அவள் பார்வைக்குத் தப்பாது. பட்டப்பெயர் அதனால் வந்தது.

முன்பெல்லாம் பழம் நறுக்க, கயிறு அறுக்கக் கத்தி வாங்கினார்கள். நகத்தால் இழுத்துத் திறந்தார்கள். இப்போது விரலால் தள்ளினால் சட்டென்று விரிய வேண்டுமாம். செல்போனில் எவனோ விரித்துக் காட்டுகிறான், ஊரே அதைக் கேட்கிறது. விரிந்த அலகு மடங்காமலிருக்க உள்ளே ஒரு பூட்டு உண்டு. ஒவ்வொரு கத்தியின் முதுகையும் மரக்கட்டையில் மூன்று தட்டு தட்டி, பூட்டு பிடிக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. போன வாரம் முதலாளி கட்டையைத் தூக்கி எறிந்தார்.

"நீ தட்டுற நேரத்துல நூறு கத்தி பெட்டிக்குப் போயிரும்."

அவளும் தட்டாமலே பெட்டிக்கு அனுப்பினாள். நேற்று, அவள் தட்டாமல் விட்ட கத்தி ஒன்று, அங்கேயே பெட்டி கட்டும் அவள் தங்கையின் கையில் மடங்கி, ஆள்காட்டி விரல் நரம்பை வெட்டிவிட்டது. அந்தக் குற்றவுணர்வு அவளைத் தின்றது.

ஏழு மணிக்கு முதலாளி ஒரு தாளோடு வந்தார். கட்டுப்போட்ட கையுடன் தங்கை பின்னால் நின்றாள்.

"அவ கவனக்குறைவுன்னு எழுதியிருக்கு. சாட்சிக்கு ஒரு கையெழுத்துப் போடும்மா."

"போடலேன்னா?"

"ரெண்டு பேரும் நாளையிலருந்து வீட்லயே இருங்க."

"போட்டுரு அக்கா," என்றாள் தங்கை மெதுவாக.

அக்கா பெட்டியிலிருந்து ஒரு கத்தியை எடுத்து விரித்து நீட்டினாள்.

"கடைக்குப் போற கத்திதானே? அலகுக்குக் கீழ உங்க விரலை வச்சுக்கிட்டு முதுகுல மூணு தட்டு தட்டுங்க. மடங்கலேன்னா போடுறேன்."

முதலாளி கத்தியை வாங்கினார். விரல் மட்டும் அலகின் பக்கமே போகவில்லை.

"வெளையாடுறியா?"

"என் தங்கச்சி விரல் மட்டும் கடையில விக்குதா? நேத்து தட்டாம விட்டது நான்தான். அதையும் எழுதுங்க. கட்டையை எறிஞ்சது யாருன்னும் எழுதுங்க."

சாணைக்கல் நின்றது. யாரோடும் பேசாத சாணைக்காரர் எழுந்து வந்தார். எறிந்த கட்டையை எடுத்து இத்தனை நாளாய்க் காலுக்கடியில் வைத்திருந்தவர், அதை அவள் மேஜையில் வைத்தார்.

"தட்டாம ஒரு கத்தி வெளிய போகாது மொதலாளி."

"வேற ஆளா கிடைக்காது எனக்கு? ஆர்டர் போனா எல்லாரும் பட்டினி!"

பட்டறை ஆட்கள் ஒவ்வொருவராக வந்து, கட்டிவைத்த பெட்டிகளைப் பிரித்து மேஜையில் கொட்டினார்கள். முதலாளியின் கையில் தாள் அப்படியே இருந்தது.

அக்கா முதல் கத்தியைத் தட்டினாள். ஒன்று. இரண்டு. மூன்றாம் தட்டில் அது மடங்கியது. பட்டறையே பார்த்தது.

தங்கை இடது கையால் அடுத்த கத்தியை நகர்த்திக் கொடுத்தாள்.