கழுத்துச் சொடக்கு வழக்கு

நாவிதர் அம்மாவாசியிடம் கழுத்தைக் கொடுக்காத ஆண்பிள்ளை மார்க்கையன்கோட்டையில் கிடையாது. வாய்க்கால் கரையில் உட்கார வைத்துச் செய்யும் சவரம் முடிந்ததும் தாடையை ஒரு கையிலும் உச்சந்தலையை மறு கையிலும் பிடித்து, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று வெடுக்கென்று திருப்புவார். படக்கென்று சொடக்கு விழும். "சொகமாய்யா?" என்பார். "சொகம்" என்று பதில் வந்தால்தான் துண்டை உதறுவார். எனக்கும் பலமுறை எடுத்திருக்கிறார். சுகமாகத்தான் இருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

1936 ஆவணியில் என் அக்கா புருஷன் சுருளியாண்டிக்கு இரண்டாம் சொடக்கு விழுந்தது. "சொகம்" என்றார். எழுந்து நாலு எட்டு வைத்தவர் வாய்க்கால் கரையிலேயே சரிந்தார். வலது கையும் காலும் விளங்காமல் போயின. பேச்சும் போய், அந்த ஒரே சொல் மிஞ்சியது. பசித்தால் சொகம். வலித்தால் சொகம். கண்ணீர் வழிய வழிய என்னைப் பார்த்து "சொகம், சொகம்" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யார் மேல் என்றுதான் தெரியாது.

அக்காவின் மாமியார் இருளம்மாளுக்குத் தெரிந்திருந்தது. பிள்ளை வரம் கேட்டு என் அக்கா சோணையம்மாள் வீரபாண்டி கௌமாரியம்மனுக்குத் தீச்சட்டி நேர்ந்திருந்தாள். அந்த வருஷச் சித்திரைத் திருவிழா வந்தபோது அவள் பிள்ளை பெற்றுப் பத்தாம் நாள். தீட்டோடு எப்படிச் சட்டி எடுப்பது? அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டாள்.

"ஆத்தாளுக்குக் குடுத்த வாக்கைத் தின்னவடி நீ. அதான் எம்புள்ளைய அடிச்சுப்புட்டா" என்று மாமியார் வாசலில் நின்று கத்தினாள். ஊரும் அதையே பிடித்துக்கொண்டது. ஆற்றுத்துறையில் அக்கா குடத்தை இறக்கினால் மற்றவர்கள் தங்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள்.

"ஏலே கர்ணா, எம்மேல தப்பு இல்லேன்னு ஒரு பெரிய மனுசரு வாயால வந்தாப் போதும்டா" என்றாள் அக்கா.

சின்னமனூரில் எட்டாம் வகுப்புவரை இங்கிலீஷ் படித்த திமிர் எனக்கு. கோர்ட்டில் தீர்ப்பு எழுதும் முன்சீப்பை விடப் பெரிய மனுஷர் யார்? அம்மாவாசி மேல் நஷ்டஈட்டு வழக்குப் போட்டேன். கத்தியையும் சாணைக்கல்லையும் தவிர அவரிடம் ஒன்றும் கிடையாது என்று எனக்குத் தெரியும். இவர் கையால்தான் வந்தது என்று ஒரு தீர்ப்பு, அதுதான் வேண்டும்.

ஊரிலிருந்து சாட்சிக்கு ஒருவரும் வரவில்லை. "எங்க கழுத்தெல்லாம் நல்லாத்தானப்பா இருக்கு" என்றார்கள். டாக்டரோ மதில்மேல் பூனை. கழுத்தைத் திருப்பியதாலும் வந்திருக்கலாம், ரத்தக் கொதிப்பாலும் வந்திருக்கலாம் என்று சொல்லிக் கூண்டிலிருந்து இறங்கிவிட்டார்.

கடைசியில் மச்சானையே வண்டியில் படுக்க வைத்துக் கோர்ட்டுக்குக் கொண்டுபோனோம். முன்சீப் இரக்கமாகத்தான் கேட்டார்: "இவர் உம்மை என்ன செய்தார்?"

மச்சான் அம்மாவாசியைப் பார்த்தார். "சொகம்" என்றார்.

கோர்ட்டே சிரித்தது. அம்மாவாசி மட்டும் சிரிக்கவில்லை. தலையில் அடித்துக்கொண்டு, "அவுகளுக்கு வேற பேச்சு வராதுங்க எசமான்" என்றார். அவருடைய வக்கீல் அவரைப் பிடித்து உட்கார வைத்தார்.

"வேறு பேச்சே வராதென்றால் இதைச் சாட்சியமாக எழுதிக்கொள்ள முடியாதே" என்றார் முன்சீப். பேச்சென்று எடுத்தாலும் தோற்றோம், பேச்சில்லை என்று தள்ளினாலும் தோற்றோம்.

தீர்ப்பு நகல் வந்த அன்று இருளம்மாள் வாசலில் ஊரே கூடிவிட்டது. இங்கிலீஷ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். "என்ன எழுதியிருக்காக? படிடா" என்றார்கள். வழக்குத் தள்ளுபடி என்று சொல்லி மடித்து வைத்திருக்கலாம். என் கேடுகாலம், வரிவரியாகப் படித்தேன். அம்மாவாசி மேல் குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்றேன்.

"அப்ப யாரு செஞ்சதாம்?" என்றாள் இருளம்மாள்.

அடுத்த வரியில் 'ஆக்ட் ஆஃப் காட்' என்று இருந்தது. எனக்குத் தெரிந்த இங்கிலீஷுக்குத் தமிழ் சொன்னேன்: "தெய்வச் செயல்."

இருளம்மாள் வீரபாண்டி இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். "கேட்டுக்கிட்டீகளா? வெள்ளக்காரன் கோர்ட்டே சொல்லிருச்சு!"

மனுஷர் யார் மேலும் குற்றமில்லை என்பதைத்தான் சட்டத்தில் அப்படி எழுதுவார்கள் என்று எங்கள் வக்கீல் பிறகு விளக்கினார். வீடு வீடாகப் போய் அதைச் சொன்னேன். "அன்னைக்குப் படிச்சதும் நீதான், இன்னைக்கு மாத்துறதும் நீதானா?" என்று கேட்டார்கள்.

நாலாம் நாள், மச்சானுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"ஊரே சொன்னப்பக்கூட நான் நம்பலடா கர்ணா" என்றாள். "நீ படிச்சுச் சொன்னப்பறந்தான் தெரிஞ்சுச்சு, நாந்தான்னு."