வீட்டைப் பார்த்த செருப்புகள்

ஒகுதானி கிராமத்தில் ஹிசானோவின் வீட்டு வாசலில் கழற்றிவிடும் செருப்புகள் எல்லாம், யாரும் தொடாமலே வீட்டைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளும். இது தொடங்கியது ஒரு முள்ளங்கி ஊறுகாய்ப் பருவத்தில். அதற்கு முன் அவை மற்ற வீட்டுச் செருப்புகளைப் போலத்தான் இருந்தன.

புருஷன் செத்துப்போன பிறகு ஹிசானோ காசு வாங்கிக்கொண்டு விருந்தாளிகளைத் தங்கவைத்தாள். டோக்கியோவிலிருந்தும் கடல் தாண்டியும் வருவார்கள். நாற்று நடுவார்கள், சேற்றில் விழுந்து சிரிப்பார்கள், ஊறுகாய் போடுவார்கள், இருக்கிறவரை அவளை அம்மா என்பார்கள். அதுவும் ஏற்பாட்டில் சேர்த்திதான். அவர்கள் சாப்பிடும்போது அவள் ஓசைப்படாமல் வாசலுக்கு இறங்கி, செருப்புகளைத் தெருப்பக்கம் திருப்பி ஜோடி சேர்ப்பாள். கிளம்பும்போது காலை நுழைத்தால் போதும். விருந்தாளிக்குச் செய்யும் மரியாதை அது. வீட்டு மனுஷர் செருப்பை அப்படி யாரும் திருப்புவதில்லை. விழுந்த இடத்தில் கிடக்கும்.

அந்தப் பருவத்தில்தான், கல்யாணம் முறிந்து, ஒரே மகள் மிஸுஹோ ஒசாகாவிலிருந்து பெரிய பெட்டியோடு வந்தாள். இனி இங்கேயே இருந்துவிடலாம் என்று வந்தவள், அதை இன்னும் வாய்விட்டுச் சொல்லவில்லை. வீடு முழுக்க உப்பும் தவிடும் அப்பிய கைகள். “வாங்க வாங்க, கை கழுவிட்டு உக்காருங்க,” என்றாள் ஹிசானோ நிமிராமலே. அவள் நிமிர்ந்து, வந்தது மகள் என்று கண்டதும் எல்லோரும் சிரித்தார்கள், மிஸுஹோவும் சிரித்தாள். ஆனால் அவள் தேநீர் குடிக்கும்போது ஹிசானோவின் கை தன் பழக்கத்துக்கு அவள் செருப்பையும் தெருப்பக்கம் திருப்பிவிட்டது.

மிஸுஹோ அதைப் பார்த்தாள். “சும்மா எட்டிப் பார்க்கத்தாம்மா வந்தேன்,” என்று, குனியக்கூட வேண்டாமல் காலை நுழைத்துக் கிளம்பினாள். வழியனுப்பப் பெட்டியைத் தூக்கியபோதுதான் அதன் கனம் ஹிசானோவுக்கு உறைத்தது. கைப்பழக்கம் என்று ஊருக்குச் சொல்லிக்கொள்ளலாம். பெற்ற மகளிடம் எந்த முகத்தோடு சொல்வது?

மறுநாள் காலை செருப்புகள் எல்லாம் உள்ளே பார்த்து நின்றன. திருப்பி வைத்தாலும் திரும்பிக்கொண்டன. விருந்தாளிகள் அவற்றை மாட்டிக்கொண்டு பாலம் வரை பின்னோக்கி நடந்து போனார்கள். பாலம் தாண்டினால் சரியாகிவிடும். இதைச் செய்து பார்க்கவே கூட்டம் இரட்டிப்பானது.

“சந்தோஷப்படுக்கா, ஆள் குவியுதே,” என்றான் பக்கத்து வீட்டு டோமிஸோ.

“போடா இவனே. கண்டவன் செருப்பெல்லாம் உள்ளே பார்க்குது. பார்க்க வேண்டியது எங்கேயோ கிடக்குது.”

மகள் போனை எடுக்கவில்லை. ஹிசானோ ராத்திரியில் தூங்காமல் கிடந்து கிடந்து பாதியாகிப் போனாள்.

ஐந்தாவது குளிர்காலத்தில் மிஸுஹோ வந்தாள். அவள் செருப்பு மட்டும் தெருவைப் பார்த்து நின்றது. ஹிசானோ அதை உள்ளே திருப்பினாள். அது வெளியே திரும்பியது. கடைசியில் இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“அம்மா, சோறு தீயுது.”

“தீயட்டும். இதை விட்டா நீ போயிடுவே.”

“அது போவட்டும்மா. நீ விடு.”

விட்டாள். செருப்பு படியிறங்கி, பனியில் தடம் பதித்துப் போய், நான்கு மணி பஸ்ஸில் ஏறியது. டிரைவர் குனிமட்சு எல்லோருக்கும் திறப்பது போலக் கதவைத் திறந்தார். மிஸுஹோ போய் அடுப்பை அணைத்தாள். எத்தனை நாள் இருப்பாய் என்று கேட்க ஹிசானோவுக்குத் தைரியம் வரவில்லை.

காலையில் மிஸுஹோ அம்மாவின் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு பனிக்கடியிலிருந்து முள்ளங்கி எடுத்து வந்தாள். வந்தவள் பூட்ஸை வாசலில் உதறிவிட்டு உள்ளே போனாள். ஒன்று சுவரோரம் சாய்ந்தது, ஒன்று குப்புற விழுந்தது. ஹிசானோ வெகுநேரம் அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தொடவில்லை.