முக்கால் பதம்

வாஹித் பாஷாவைப் பற்றி ஆம்பூர் பஜாரில் யாரிடம் விசாரித்தாலும் நல்ல மனிதர் என்றுதான் சொல்வார்கள். தப்பில்லை. ஐம்பத்திரண்டு வருஷ வாழ்க்கையில் ஒரே ஒரு நாள், அதிலும் ஒரு பத்து நிமிஷம்தான் அவர் நல்லவராக இல்லாமல் போனார். அதை யாரும் பார்க்கவில்லை என்பதால் பெயர் கெடாமல் இருக்கிறது, அவ்வளவுதான்.

சமீருல்லாவின் கடையில் அவர் பிரியாணி மாஸ்டர். அவரும் சுஹேல் அகமதுவும் பத்தொன்பது வருஷம் அந்தக் கடையில் ஒரே அடுப்பில் நின்றவர்கள். கறி சுஹேலின் பொறுப்பு, அரிசி வாஹித்தின் பொறுப்பு. கொதிக்கிற உலையிலிருந்து நாலு பருக்கையை எடுத்து விரலில் நசுக்கிப் பார்த்து வாஹித் "வடி" என்பார். சுஹேல் வடிப்பான். ஒரு நாளும் "இன்னும் கொஞ்சம் போகட்டுமே" என்று அவன் சொன்னதில்லை. அரிசி விஷயத்தில் வாஹித் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சு கிடையாது.

ஒன்பது வருஷத்துக்கு முன் பெங்களூரிலிருந்து சென்னைக்குக் காரில் போன ஒருவர் கடையில் சாப்பிட்டார். ஜப்பானில் இந்தியச் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். கை கழுவிவிட்டு நேரே அடுப்படிக்கு வந்து, யார் மாஸ்டர் என்று கேட்டார். எல்லோரும் வாஹித்தைக் காட்டினார்கள். கடலோரத்தில் சின்ன ஊர், வெயில் காலத்தில் ஜனம் குவியும், வருகிறீர்களா என்று கேட்டார். வாஹித்துக்கு விமானம் என்றாலே பயம். அதைச் சொல்வாரா? ஆம்பூரை விட்டு எனக்கென்ன தலையெழுத்து என்று வீறாப்பாகப் பேசிவிட்டு, "இவன கூட்டிட்டுப் போங்க, இவனும் சுமாரா செய்வான்" என்று சுஹேலைத் தள்ளிவிட்டார். தானே தூக்கிக் கொடுத்ததை நினைத்துப் பிறகு தானே புழுங்குவதற்கு ஒரு தனி ஜாதகம் வேண்டும். அது வாஹித் பாஷாவுக்கு இருந்தது.

அந்த ஊரின் பெயர் கடையில் யார் வாயிலும் நுழையவில்லை. ஜப்பான் கடலூர் என்று வைத்துக்கொண்டார்கள். அங்கே போய்ச் சேர்ந்த வருஷமே சுஹேல் வீடியோவில் கூப்பிட ஆரம்பித்துவிட்டான். ஏப்ரல் வந்தால் குன்றின் மேல் மரமெல்லாம் வெளிர்சிவப்பாகப் பூத்து நிற்கும். அதன் கீழே ஜனங்கள் பாய் விரித்துச் சாப்பிடுவார்கள். ஜூலைக் கடைசியில் கடல் திருவிழா. நம் சந்தனக்கூடு போல ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆண்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்குவார்கள், இருட்டியதும் வாணவேடிக்கை. ஆகஸ்ட் வந்தால், செத்தவர்களுக்காகக் காகித விளக்கை அலையில் விடுவார்கள். அக்டோபரில் மீன் சுட்டு வருகிறவர்களுக்கெல்லாம் சும்மா கொடுப்பார்கள். புது வருஷத்தன்று ஊரே மணலில் நின்று சூரியனைப் பார்க்கும். இவை போதாதென்று நூற்றெட்டுப் படி ஏறும் கலங்கரை விளக்கம், கால் மட்டும் நனைத்துக்கொண்டு உட்காரும் வெந்நீர்த் தொட்டி, லாரி டயர் அளவில் ஒரு மீனை வளர்க்கிற கண்ணாடி மாளிகை என்று ஒன்று விடாமல் காட்டுவான். வந்த டூரிஸ்டுகள்கூட அவ்வளவு பார்த்திருக்க மாட்டார்கள்.

"நீ வந்திருக்கணும்டா" என்று ஒவ்வொரு முறையும் சொல்வான். மனசாரத்தான் சொன்னான். வாஹித்துக்கு அது குத்திக் காட்டுவது போல இருக்கும். அடுப்பு காந்துகிறது, அப்புறம் பேசுகிறேன் என்று போனை உப்பு டப்பா மேல் கவிழ்த்துவிடுவார்.

ஆறு வருஷத்தில் சுஹேல் சொந்தமாகச் சின்னக் கடை போட்டான். கடல் திருவிழாவில் கலங்கரை விளக்கச் சாலையோரம் இருபது கடைகள் உண்டு, எல்லாம் உள்ளூர்க்காரர்களுக்கே. தெருக் கமிட்டி கூடிப் பேசி, வெளியூர்க்காரன் ஒருவனுக்கு முதல்முதலாக ஓர் இடம் கொடுத்தது. அது சுஹேலுக்கு. ஆம்பூர் பிரியாணி என்று ஜப்பான் எழுத்தில் துணியில் எழுதி வைத்து, படம் எடுத்து அனுப்பினான். இங்கே கடையில் அந்தப் படத்தைப் பெரிதாகப் பிரதி எடுத்துக் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டினார் சமீருல்லா.

இனி அந்தப் பத்து நிமிஷம்.

திருவிழா நாள் காலை. ஆம்பூரில் எட்டரை மணி, அங்கே நண்பகல். முந்தின நாள் தோல் கம்பெனி மேனேஜர்கள் நாலு பேர் சாப்பிட வந்திருந்தபோது, சமீருல்லா கல்லாவில் உட்கார்ந்தபடி, வாஹித் காதில் விழும்படி, "சுஹேல் மட்டும் இங்கயே இருந்திருந்தா இந்நேரம் நமக்கு நாலு பிராஞ்ச் ஆயிருக்கும்" என்று சொல்லியிருந்தார். அரிசியும் வாஹித், உலையும் வாஹித், இருபத்தைந்து வருஷமாகப் புகையில் வெந்த கண்ணும் வாஹித். பிராஞ்ச் மட்டும் சுஹேல். ராத்திரி முழுக்க அது அவரை அரித்தது. விடிந்து அடுப்பு மூட்டியும் அடங்கவில்லை. அந்நேரம் பார்த்துப் போன் அடித்தது.

சுஹேல் பதற்றமாக இருந்தான். இங்கிருந்து போகவேண்டிய சீரகச் சம்பா துறைமுகத்தில் மாட்டிக்கொண்டது. உள்ளூர் அரிசிதான் கிடைத்திருக்கிறது, அதில் அவன் பிரியாணி போட்டதே இல்லை. ஊறிய அரிசியைக் கையில் அள்ளிக் கேமராவுக்குப் பக்கத்தில் காட்டினான். குட்டையாக, குண்டாக, பளபளவென்று இருந்தது. ஒரு பருக்கையை நசுக்கிக் காட்டு என்றார் வாஹித். நசுக்கினான். விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

பார்த்த மாத்திரத்தில் வாஹித்துக்குப் புரிந்துவிட்டது. பசை அரிசி. அரை வேக்காட்டில் வடித்து, பத்து நிமிஷத்துக்கு மேல் தம்மில் விடாமல் இறக்க வேண்டும். நாக்கு நுனியில் அந்தப் பதில் இருந்தது.

"நம்ம அரிசி மாதிரிதான்டா. முக்கால் பதம் வடி. அரை மணி தம்" என்றார்.

சுஹேல் ஒரு நொடி கையில் இருந்த அரிசியைப் பார்த்தான். பிறகு, சரி என்று தலையாட்டிவிட்டுப் போனை வைத்தான். திரும்பக் கூப்பிட்டு மாற்றிச் சொல்ல வாஹித்துக்கு நேரம் இருந்தது. அவன் உலை கொதிக்கவே இன்னும் அரை மணி ஆகும். போனை எடுத்தார், வைத்தார். வெங்காயம் உரித்தார். சுஹேல் அனுபவக்காரன், கையாலே பார்த்துத் திருத்திக்கொள்வான் என்று தனக்கே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டார். தன் அண்டாவைத் திறந்தபோது பிரியாணி அன்றைக்கு வழக்கத்தைவிட நன்றாக வந்திருந்தது.

மறுநாள் சுஹேல் சொன்னான். மூடியைத் திறந்தால் உள்ளே களி. கட்டியாக வெட்டி எடுத்துத்தான் தட்டில் வைக்க முடிந்தது. வரிசை கடற்கரை வரைக்கும் நின்றிருந்தது. "ஒருத்தரும் திட்டலடா. எல்லாரும் கடேசி வாய் வரைக்கும் சாப்ட்டு, தலை குனிஞ்சு தேங்க்ஸ் சொல்லிட்டுப் போனாங்க. திட்டியிருந்தாகூட பரவால்ல" என்றான். மற்ற பத்தொன்பது கடைகளுக்கும் தனித்தனியாகப் போய் மன்னிப்புக் கேட்டானாம். திருவிழாவின் பேரைக் கெடுத்துவிட்டேன் என்று. அடுத்த வருஷம் கமிட்டி அவனைக் கூப்பிடவில்லை. அவனும் கேட்கவில்லை. பிரியாணி போடுவதையே விட்டுவிட்டு ரொட்டியும் குழம்பும் மட்டும் விற்றான். தப்பு எங்கே என்று வாஹித்தை அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தன் கைதான் ராசி இல்லாமல் போய்விட்டது என்று அவனே முடிவு கட்டிக்கொண்டான்.

ஆனால் பூக்களைக் காட்டுவதை மட்டும் அவன் நிறுத்தவில்லை. ஏப்ரல், ஜூலை, ஆகஸ்ட், அக்டோபர், புது வருஷம் என்று போன் தவறாமல் வந்தது. அதுதான் வாஹித்தைக் கொன்றது. முகம் கொடுக்காமல் போயிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பார். திருவிழாக் காட்சி வரும்போதெல்லாம் கடலில் இறங்குகிற ஆட்களைப் பார்க்க மாட்டார். சாலையோரத்தில் சுஹேலின் கடை இருந்த இடம் எது என்றே கண் தேடும்.

மூன்று வருஷம் இப்படிப் போனது. இந்த ஜூனில் சுஹேல் கூப்பிட்டான். கமிட்டியில் ஒரு பாட்டியம்மா, அந்த இந்தியருக்கு இன்னொரு முறை கொடுப்போம் என்று பேசி இடம் வாங்கித் தந்திருக்கிறாள். சுஹேலுக்குத் தைரியம் இல்லை. "என் கைய நான் நம்பலடா. நீ வா. அழைப்பு லெட்டர் ரெடி. டிக்கெட் நான் போடறேன். பத்து நாள் போதும்" என்றான்.

வாஹித் சரி என்றுவிட்டார். வாய் தவறிச் சொன்னதல்ல, ஆசைப்பட்டுத்தான் சொன்னார். அவர் மனைவி சுகரா பேகம் தெருவெல்லாம் சொல்லி, புதுப் பெட்டி ஒன்றும் வாங்கிவிட்டாள். சமீருல்லா கடையில் எல்லோருக்கும் இனிப்பாக ஃபிர்னி கொடுத்தார். பத்து நாள் வாஹித் பாஷா மாப்பிள்ளை மாதிரி நடந்தார் என்றால் மிகையில்லை. பாஸ்போர்ட்டுக்காக வேலூர் போய்த் திரும்புகிற பஸ்ஸில்தான் அந்த நடை நின்றது. போய் இறங்கினால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பார்த்தார். சுஹேல் கடை கடையாகக் கூட்டிப் போவான். இவர்தான் எனக்கு அரிசி கற்றுக்கொடுத்தவர் என்பான். இவர் அரை வேக்காட்டில் வடிப்பார். சோறு உதிரி உதிரியாக வரும். எல்லோரும் கை தட்டுவார்கள். தன் கை உதவாது என்று சுஹேல் அதற்கப்புறம் சாகும்வரை நம்புவான்.

பஸ் பள்ளிகொண்டா டோல்கேட்டைத் தாண்டும்போது வாஹித்துக்கு அழுகை வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம் கடையின் பின்பக்கம் விறகுக் கட்டின் மேல் உட்கார்ந்து அவரே போன் போட்டார். சுஹேல் கலங்கரை விளக்கச் சாலையில் நின்றிருந்தான். இந்த முறை நம் இடம் இதுதான் என்று காட்டினான். அவனைப் பேச விட்டால் தன்னால் பேச முடியாது என்று வாஹித்துக்குத் தெரியும்.

"சுஹேல், அந்த அரிசிக்கு அரை பதம்தான்டா. பத்து நிமிஷம் தம். அன்னிக்கி வீடியோல பார்த்தப்பவே எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் முக்கால்னு சொன்னேன்."

சுஹேல் சிரித்தான், விளையாட்டு என்று நினைத்து. பிறகு சிரிப்பு நின்றது.

"ஏன்டா?"

"வயித்தெரிச்சல்."

வேறு காரணம் ஏதும் சொல்லத் தோன்றவில்லை. பிராஞ்ச் கதையைச் சொல்லலாம். சமீருல்லா தலையில் போடலாம். போடவில்லை. அந்த மட்டில் மனிதர் யோக்கியமாக நடந்துகொண்டார்.

சுஹேல் தன் கையைத் திருப்பிப் பார்த்தான். அவன் பின்னால் கடல் தெரிந்தது.

"அரிசிய தொட்டப்பவே கை சொல்லுச்சுடா, இது தாங்காதுன்னு. நீ சொல்லிட்டியேன்னு கைய அடக்கினேன்."

வாஹித் தலையைக் குனிந்துகொண்டார்.

"மூணு வருஷமா கை போய்டுச்சேன்னு இருந்தேன். போனா இன்னா, தோஸ்த் இருக்கானேன்னு இருந்தேன்" என்றான் சுஹேல். "சரி. நீ வர வேணாம். நான் போட்டுக்கறேன்."

வைத்துவிட்டான்.

சுகரா பேகத்திடம் விசா கிடைக்கவில்லை என்று சொல்லிப் பெட்டியைப் பரண் மேல் ஏற்றினார். ஜூலைக் கடைசி வந்தது. திருவிழாவன்று அவருக்குப் போன் வரவில்லை. மறுநாள் காலை சமீருல்லா கல்லாவிலிருந்து கூப்பிட்டுத் தன் போனை நீட்டினார். சுஹேல் ஆம்பூர்க் கடை ஆட்களுக்கு அனுப்பியிருந்த படம். கூட்டம், புகை, திறந்த அண்டா. சுஹேல் ஒரு கரண்டி சோற்றைத் தூக்கிப் பிடித்திருந்தான். வாஹித் விரலால் படத்தைப் பெரிதாக்கி அந்தச் சோற்றை மட்டும் பார்த்தார். பருக்கை பருக்கையாக நின்றது. சரியான பதம்.

படத்தின் கீழே சுஹேல் கடையில் உள்ளவர்களுக்கெல்லாம் பேர் சொல்லி சலாம் எழுதியிருந்தான். சமீருல்லா பாய், பரோட்டா மாஸ்டர், பில் போடுகிற ஜோதி, பாத்திரம் கழுவுகிற சவுரியம்மாள் எல்லோரும் இருந்தார்கள். வாஹித் இரண்டு முறை படித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"உன் பேர விட்டுட்டான் பாரு, அவசரத்துல" என்றார் சமீருல்லா.

"ஆமா. திருவிழா வேலை" என்று சொல்லிவிட்டு வாஹித் அடுப்புக்குப் போனார்.

ஆகஸ்டு பதினாறாம் தேதி, மத்தியான வியாபாரம் முடிந்து வீட்டுக்கு வந்தவர் படுக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, போனை முகம் மேலே தெரியும்படி பக்கத்தில் வைத்துக்கொண்டார். மணி மூன்றைத் தாண்டியது. யார் போனுக்குக் காத்துக்கினு இருக்கீங்க என்று சுகரா பேகம் கேட்டாள்.

"யாருக்கும் இல்ல. அங்க இப்ப பொழுது சாஞ்சிருக்கும். விளக்கு விட்டுக்கினு இருப்பாங்க" என்றார்.

நாலு மணி வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டு, சாயந்தர உலைக்கு நேரமாகிறது என்று எழுந்தார். அடுத்தது அக்டோபரில், மீன் சுடுகிற விழா.