அரக்கு நிறத்தில் ஒரு கார்

சாவிக்காரர் கண்ணை மூடிக்கொண்டு காரின் பின்கதவைத் தடவிப் பார்த்தார். உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்த இடமெல்லாம் வழவழவென்று இருந்தது. சக்கரத்துக்கு மேலே, பட்டி வைத்து அடைத்த பள்ளத்தின் ஓரத்தில் மட்டும் நொய்யரிசி அளவுக்கு ஒரு மேடு. கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். பூட்டின் வயிற்றுக்குள் இருப்பதையெல்லாம் விரலாலேயே பார்த்துப் பிழைக்கிறவர் அவர். இன்னொரு முறை தேய்த்துத் துடைத்துவிட்டு, "இப்ப சரி" என்று காரிடமே சொன்னார். ஒரு வாரமாகக் கடையைச் சாத்திவிட்டு வந்து அவர் பேசுவதெல்லாம் காரோடுதான். இன்றைக்கு வர்ணம். வாழ்நாளில் ஒரு சைக்கிளுக்குக்கூட வர்ணம் அடித்ததில்லை.

கார் அவருடையதல்ல, மனைவியுடையது. தையல்கடை வைத்திருக்கும் அவள், முடி நரைக்கத் தொடங்கிய வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டு, இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை லைசென்ஸ் வாங்கி, இந்தப் பழைய வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். மேற்கூரை தேமல் விழுந்த முதுகு மாதிரி இருந்தது. "என்ன கலர் அடிக்கலாம்?" என்று கேட்டாள். வழக்கம்போல, "உனக்குப் பிடிச்சது" என்றார். "உங்களுக்குன்னு ஒரு ரசனையே கிடையாதா?" என்று அவள் பெருமூச்சு விட்டாள். அந்தப் பெருமூச்சு அவரை என்னவோ செய்துவிட்டது. "பட்டறைக்கெல்லாம் வேண்டாம், நானே அடிக்கறேன்" என்று வாய் முந்திக்கொண்டது. அவள் முகம் மலர்ந்து, "அரக்குங்க. சின்னப் பிள்ளையிலேர்ந்து அரக்குக் கார்னா எனக்கு உசிரு" என்றாள். சொன்ன சொல்லை இனி விழுங்க முடியாது.

விஷயம் இதுதான்: சிவப்பும் பச்சையும் அவருக்கு ஒன்றுதான். இளவயதில் ஒரு வேலைக்குப் போனபோது கண் பரிசோதனையில் புள்ளிப் புள்ளியாக ஒரு புத்தகத்தைக் காட்டி, உள்ளே என்ன எண் தெரிகிறது என்று கேட்டார்கள். ஒன்றும் தெரியவில்லை. டாக்டர் பக்கத்து அறையிலிருந்த ஆட்களைக் கூப்பிட்டு, "இங்க வந்து பாருங்கய்யா" என்று வேடிக்கை காட்டினார். அத்தனை பேரும் சிரித்தார்கள். அன்றைக்கு மூடிய வாயை அவர் யாரிடமும் திறக்கவில்லை. கார் ஓட்ட ஆசையில்லை என்று சொல்லிவந்ததும் இன்னொரு முறை அந்தப் புத்தகத்தின் முன்னால் போய் நிற்கப் பயந்துதான். மனைவியிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் வெங்காயத்தோல் நிறத்துக்கும் ரோஜாவுக்கும் நடுவில் இன்னும் மூன்று நிறங்களைப் பிரித்து நூல் கோக்கிறவளிடம் எப்படிச் சொல்வது? டாக்டர் சிரித்ததைத் தாங்கியாயிற்று. அவள் சிரித்தால் தாங்க முடியாது. இருபது வருடங்கள் கமுக்கமாக ஓட்டிவிட்டார்.

அவள் கடைக்குப் போனதும் புழுதி எழும்பாமல் தரையில் தண்ணீர் தெளித்தார். கண்ணாடிகளுக்குச் செய்தித்தாள் ஒட்டி, விளிம்பில் டேப்பை நகத்தால் அழுத்தினார். இரண்டு டப்பாக்களைத் திறந்தார். ஒன்று காருக்கு அரக்கு. இன்னொன்று, போன வருடம் ஆள் வைத்துக் கேட்டுக்கு அடித்ததில் மிச்சமிருந்த பச்சை. வண்டியை உள்ளே தள்ளும்போது கேட்டில் உரசிவிட்டது, அந்த இடத்தையும் ஒரு கை பார்த்துவிடச் சொல்லியிருந்தாள். இரண்டும் ஒரே மாதிரி டப்பா. குழம்பக் கூடாதென்று அரக்கை வலது பக்கமும் பச்சையை இடது பக்கமும் வைத்துக்கொண்டார். நல்ல ஏற்பாடுதான்.

ஸ்பாஞ்சு உருளையைத் தட்டில் புரட்டி, பானட்டில் முதல் இழுப்பை இழுத்தபோது அவருக்கு உச்சி குளிர்ந்தது. என்ன நிறமென்று தெரியாவிட்டால் என்ன, பளபளப்பு தெரிகிறதே! ஈரத் தகட்டில் ஆகாயம் தெரிந்தது, அவர் மூக்கும் தெரிந்தது. வழியாமல், திட்டு நிற்காமல், மெல்லிசாக இழுக்கக் கை தானே கற்றுக்கொண்டது. கூரை, பின்பக்கம், பின்கதவுகள், ஓட்டுநர் பக்கம் என்று சீட்டியடித்தபடி முடித்தார். ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையின் கதவு மட்டும் பாக்கி. தட்டில் ஊற்றியது தீர்ந்திருந்தது. இரு கைகளிலும் டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு வண்டியைச் சுற்றி அந்தப் பக்கம் போய், காரைப் பார்க்க வசதியாகத் திரும்பி நின்று, பின்னால் இருந்த திட்டில் வைத்தார். முதுகுக்குப் பின்னால் வைத்ததை எடுக்கத் திரும்பும்போது வலது இடதாகிவிடும் என்பது சந்தோஷத்தில் அவருக்கு உறைக்கவில்லை.

கதவை முடித்துவிட்டுக் கேட்டில் இரண்டு இழுப்பு இழுக்கும்போது எதிர்வீட்டு வாத்தியார் வந்து நின்றார். காரை மேலும் கீழும் பார்த்தார்.

"அண்ணே, அந்தக் கதவு மட்டும் வேணும்னேதான் அப்படியா?"

அங்கே இழுப்பு கொஞ்சம் நன்றாக விழுந்திருந்தது உண்மைதான். "வேணும்னேதான்" என்றார் சாவிக்காரர், பெருமை தாங்காமல்.

"பலே ஆளுண்ணே நீங்க" என்றபடி வாத்தியார் தலையை ஆட்டிக்கொண்டே போனார்.

மாலையில் அவள் வந்தாள். முதலில் கேட்டைத்தான் பார்த்தாள்.

"இது என்னங்க?"

"உரசின இடம். நீதானே அடிக்கச் சொன்ன."

அவள் காரைச் சுற்றி நடந்தாள். பாராட்டை வாங்கிக்கொள்ள அவரும் பின்னாலேயே போனார். அந்தக் கதவின் முன்னால் நின்றுவிட்டாள்.

"இது என்ன நிறம்?"

"அரக்கு."

"அப்ப, பின்கதவு?"

"அதுவும்... அரக்குதான்." அவள் இப்போது காரைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இனி மறைக்க ஒன்றுமில்லை. கையில் உருளையை வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். புள்ளிப் புத்தகத்தை, டாக்டரை, அந்தச் சிரிப்பை. "உன்கிட்ட சொன்னா நீயும் சிரிப்பேன்னுதான்..." என்று முடித்தார்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. "இல்லைங்க, நான் சிரிக்கல" என்றாள். அப்புறம் முடியாமல் படியிலேயே உட்கார்ந்து சிரித்தாள். அவருக்குக் காது மடல் சுட்டது. இதற்குத்தானே இத்தனை வருடம் பயந்தார்.

"அந்தச் சட்டை... நீங்களே ஆசையா எடுத்துட்டு வந்தீங்களே, அது என்ன கலர்?"

"சாம்பல். அதுக்கென்ன?"

"அது ரோஸ்ங்க! நாலு வருஷமா ரோஸ் சட்டையப் போட்டுக்கிட்டுப் பூட்டு திறக்கப் போயிட்டிருக்கீங்க. நானும், மனுஷனுக்கு என்னா துணிச்சல்னு நெனச்சுக்கிட்டேன்!"

அந்தச் சட்டையோடு தாம் வங்கி மேலாளர் முன்னால் விறைப்பாக நின்று லாக்கர் திறந்தது அவருக்கு நினைவு வந்தது. முதலில் ஒரு செருமல், அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு சிரிப்பு. இந்தச் சிரிப்பு அந்தச் சிரிப்பல்ல. இதில் அவருக்கும் இடம் இருந்தது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ரசனை இல்லாதவர்னு எத்தனை தடவ ஏசியிருப்பேன். அப்ப நான் கட்டற புடவை எதுவுமே உங்களுக்கு..."

"நிறம்தாம்மா தெரியாது. மத்ததெல்லாம் தெரியும். நீ கோவத்துல கட்டினதா, சந்தோஷத்துல கட்டினதான்னு கொசுவத்தப் பாத்தே சொல்லிடுவேன்."

அவள் குனிந்துகொண்டாள். "காஞ்சதும் தேச்சுட்டு அரக்கு அடிச்சிடறேன்" என்றார் அவர்.

"தொட்டீங்கன்னா பாருங்க. நீங்க உக்காரப்போற கதவு அது. அப்படியே இருக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை வர்ணம் நன்றாகக் காய்ந்த பிறகு செய்தித்தாளைக் கிழித்துவிட்டுக் கிளம்பினார்கள். தெருவே பார்த்தது. அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. நாற்சந்தி சிக்னலில் அவள் பதற்றமில்லாமல் வண்டியை நிறுத்தினாள்.

"எது எரியுது, சொல்லுங்க."

"மேல இருக்கறது."

"என்ன நிறம்?"

"அத நீதான் சொல்லணும்." இத்தனை வயதில் யாரிடமும் சொல்லாத வார்த்தை, அவ்வளவு சுலபமாக வந்தது.

"சிவப்பு. என் அரக்குக்குச் சித்தி மக மாதிரி."

குறுக்கே லாரி ஒன்று போனது, அதன் பின்னால் இரண்டு சைக்கிள்கள். மேலே இருந்தது அணைந்து கீழே இருந்தது எரிந்தது. பின்னாலிருந்தவன் ஹாரனை அடித்தான். அவள் அவசரப்படவில்லை.

"இப்ப உங்க கதவு" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள்.