லைலின் பாட்டுக்கு யாரும் வாய் திறக்கவில்லை

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கெல்லாம் கிறிஸ்டோபர் தெருவின் அந்தச் சின்ன பாரில் கூட்டம் நெரியும். பியானோவைச் சுற்றி நின்றுகொண்டு, இசை நாடகங்களில் கதாநாயகிகள் பாடுகிற பாட்டையெல்லாம் மீசை வைத்த ஆண்கள் உருகி உருகிப் பாடுவார்கள். ஆணுக்கு ஆண்மேல் வருகிற, தெருவில் முணுமுணுத்தாலே உதை விழுகிற காதலை அங்கே எட்டுக்கட்டையில் சொல்லலாம், கைதட்டலும் கிடைக்கும். வேறெந்தக் கோயில் இவர்களைச் சேர்த்துக்கொண்டது?

ஆளுக்கொரு பாட்டு சொந்தம். அவர்களைக் கொத்துக்கொத்தாய்க் கொண்டுபோகும் அந்த நோய் வந்த பிறகு இன்னொரு வழக்கமும் சேர்ந்துகொண்டது. ஒருவன் செத்தால் அவன் பாட்டைப் பியானோக்காரன் டெக்ஸ்டர் ஒரே ஒரு முறை வாசிப்பான், யாரும் பாடமாட்டார்கள். அதோடு அந்தப் பாட்டுக்கு அங்கே முழுக்கு. லைல் செத்து ஐந்து மாதம் ஆகியும், அவனோடு வாழ்ந்த எம்மெட் அதற்குச் சம்மதிக்கவில்லை. வாசித்துவிட்டால் லைல் நிஜமாகவே இல்லாமல் போய்விடுவான் என்ற பயம் அவனுக்கு.

"அடியே எம்மெட், உன்னைத் தேடி யாரோ பெரிய மனுஷர் வந்திருக்கார்," என்றான் டெக்ஸ்டர்; அங்கே ஆண்களுக்குள்ளேயே எல்லோரும் எல்லோருக்கும் ‘அடியே’தான். "பாத்தா பாதிரியாராட்டம் இருக்கார். கெட்ட வார்த்தை பேசித் தொலைக்காத."

கிழவர் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். "நான் லைலோட அப்பா. ஒஹையோலேருந்து வரேன்."

எம்மெட் அவரை ஏற இறங்கப் பார்த்தான். லைல் பதினோரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இந்த மனிதர் எட்டிப் பார்க்கவில்லை. உடலை மட்டும் ஊருக்கு எடுத்துப்போய், ஒன்பது வருஷம் கூட வாழ்ந்தவனுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் புதைத்துவிட்டார்.

"என்ன வேணும் உங்களுக்கு?"

"இங்க பாடுவானாமே. டேப் ஏதாவது இருக்கா தம்பி? சின்னதுல கார் நிறுத்துற கராஜ்ல நின்னு பொம்பளைங்க பாட்டாவே பாடிட்டிருப்பான். பன்னெண்டு வயசுல ஒரு நாள் ஓங்கி அறைஞ்சேன். அப்புறம் வீட்டுல அவன் பாடவே இல்ல."

"டேப்பெல்லாம் இல்ல. மைக்கைப் பாத்தாலே ஓடிடுவான்." சொல்லிவிட்டு எம்மெட் திரும்பினான். "டெக்ஸ்டர், லைலோடத வாசி."

"யோசிச்சுத்தான் சொல்றியா கண்ணு? ஒரு தடவதான்."

"தெரியும். வாசி."

குரலைத் தேடி வந்த கிழவரைக் குரலில்லாத பாட்டால் வதைக்கவேண்டும் என்றுதான் சொன்னான். பியானோ தொடங்கியதும் நாற்பது வாயும் மூடிக்கொண்டன. கிழவர் காதருகே கையைக் குவித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்:

"யாரும் பாடலியே தம்பி. எப்ப ஆரம்பிப்பாங்க?"

‘நீங்க அறைஞ்சு மூடின வாய்தான், இன்னும் திறக்கல.’ இந்தப் பதில் எம்மெட்டின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் உச்சத்துக்கு ஏறுகிற இடத்தில் டெக்ஸ்டரின் விரல்கள் சட்டென்று நின்றன. அங்கே லைல் எப்போதும் மூச்சு வாங்குவான்; பழக்கதோஷத்தில் டெக்ஸ்டர் அவனுக்காகக் காத்திருந்தான். எம்மெட்டுக்கு அப்போதுதான் உறைத்தது. பழிவாங்க நினைத்து, இருந்த ஒரே தடவையையும் செலவழித்துவிட்டான்.

டெக்ஸ்டர் மறுபடி வாசிக்கத் தொடங்கினான்.

"பாட்டு பாதி முடிஞ்சாச்சு," என்றான் எம்மெட். "பேசாம இருங்க. எனக்கும் கேக்கணும்."