முள்ளுக்கு நூல் கையுறை

வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் நிம்மதி என்று சொன்னவன் எவனோ, அவனை ஒரே ஒரு நாள் என் வீட்டுக் கூடத்தில் உட்காரவைத்துப் பார்க்க வேண்டும். காலைக் காபி முடிந்து நாற்காலியில் சாய்ந்தால் துடைப்பம் வரும். "காலைத் தூக்குங்க" என்பாள் என் மனைவி. தூக்குவேன். படுக்கையறைக்குப் போனால் விரிப்பை மாற்ற வேண்டும், எழுந்திருங்கள் என்பாள். சமையலறை வாசலில் நின்றால் வெளிச்சத்தை மறைக்கிறேனாம். தெருவாசலுக்கு வந்தால் எதிர்வீட்டு வக்கீல் தன் காரைத் துடைத்தபடி, "என்ன சார், விரட்டிட்டாங்களா?" என்று பல்லைக் காட்டுவார். அந்த ஆளின் சிரிப்புக்குப் பயந்தே உள்ளே ஓடி வருவேன். மறுபடியும் துடைப்பம்.

நான் கட்டிய வீடு இது. ஒவ்வொரு சுவருக்கும் நின்று தண்ணீர் ஊற்றியவன் நான். அதில் எனக்கு நிற்க ஓர் இடம் இல்லை என்றால் எரிச்சல் வருமா வராதா?

தொழிற்சாலையில் பாதுகாப்புச் சாமான்களின் கிடங்கு என் பொறுப்பில் இருந்தது. தலைக்கவசம், கண்ணாடி, பூட்ஸ் எல்லாம் நான்தான் கொடுப்பேன். ஆனாலும் எனக்குக் 'கையுறை' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அதற்குக் காரணம் உண்டு. எவனாவது வந்து கையுறை கேட்டால் தூக்கிக் கொடுத்துவிட மாட்டேன். சூட்டைத் தொடப்போகிறாயா, தகட்டையா, எண்ணெயையா என்று குடைவேன். கையை நீட்டச் சொல்லி உள்ளங்கை அகலத்தைப் பார்ப்பேன். பிறகு கையுறையைப் போட்டுக்கொண்டு மேசைமேல் கிடக்கும் ஒரு சின்ன வாஷர் வளையத்தை எடுக்கச் சொல்வேன். எடுக்க வரவில்லை என்றால் அது அவனுக்கான கையுறை இல்லை, கழற்றி வைக்க வேண்டியதுதான். பெரிய மேலாளரே வந்தாலும் இதே கதைதான். வேலை கெடுகிறது என்று முணுமுணுத்துக்கொண்டே எடுப்பார்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு தோட்டம் உண்டு. தோட்டம் என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. மூன்று பக்கம் சுவர், நடுவே ஓர் எலுமிச்சை, சில ரோஜாச் செடிகள், உடைந்த வாளிகளில் கீரை. காலை வேலையெல்லாம் முடிந்ததும் அவள் பின்கதவைச் சாத்திக்கொண்டு அங்கே போவாள். ஒரு மணி நேரம் சத்தமே இருக்காது. திரும்பி வரும்போது தூங்கி எழுந்த குழந்தையைப்போல முகம் தெளிவாக இருக்கும். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கும் ஆசை வந்தது. அந்த ஒரு மணி நேரத்தில் எனக்கும் பங்கு கிடைத்தால் போதும், மீதி நாளை எப்படியாவது தள்ளிவிடுவேன் என்று நினைத்தேன். கிடைக்காவிட்டால் இந்தக் கூடத்திலேயே எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்பதிலும் சந்தேகமில்லை.

பல நாள் தயங்கிவிட்டு ஒரு காலையில் கேட்டேன். எலுமிச்சைக் கிளைகள் கண்டபடி வளர்ந்திருக்கின்றனவே, நானும் வந்து வெட்டித் தரட்டுமா என்றேன்.

அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்ப்பதை நிறுத்தவில்லை. "அதுல முள்ளு ஜாஸ்தி. கையுறைகூட இல்லாம எப்படி?" என்றாள்.

வேறு எந்தப் புருஷனாக இருந்தாலும் அதைப் புரிந்துகொண்டிருப்பான். அவள் இத்தனை வருஷமாக வெறுங்கையால்தான் அந்த மரத்தைத் தொடுகிறாள். வராதே என்பதை நாகரிகமாகச் சொல்லியிருக்கிறாள், அவ்வளவுதான். எனக்கோ கையுறை என்ற சொல் விழுந்ததும் காது அடைத்துக்கொண்டது. இதற்கா யோசிக்கிறாய், இன்றைக்கே போய் வாங்கலாம், நீயும் வா, உனக்கும் ஒரு ஜோடி பார்க்கலாம் என்று சட்டையை மாட்ட ஓடினேன்.

தோட்டச் சாமான் கடையில் ஒரு சுவர் முழுக்கக் கையுறையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ரப்பர் பூசியது, ஈரத்துக்கு நல்லது. நைட்ரைல் என்ற மெல்லிய செயற்கை ரப்பர் பூசியது, நாற்று நடும்போது விரலில் மண் தெரியும். முழங்கை வரைக்கும் வரும் தோல் கையுறை, முள்செடிக்கு அதை விட்டால் வேறு இல்லை. பக்கத்தில் ஓர் அம்மா ரோஜாவுக்கு என்று வெள்ளை நூல் கையுறையைக் கையில் எடுத்தார். என்னால் சும்மா இருக்க முடியுமா? முள்ளுக்கு நூல் கையுறையைத் தொடவே தொடாதீர்கள், துணியில் இழையும் இழையும் விலகி முள் நேரே உள்ளே இறங்கும் என்று சொல்லி, அவர் கையை நீட்டச் சொல்லி அகலம் பார்த்து, தோலில் ஒரு ஜோடியை எடுத்துக் கொடுத்தேன். விரல் நுனியில் துளி இடம் இருக்க வேண்டும், அதற்குமேல் இருந்தால் கத்தரி வழுக்கும் என்றேன். கடைப்பெண்கூட வந்து நின்று கேட்டாள். ஓய்வு பெற்ற பிறகு என் பேச்சை மனிதர்கள் நின்று கேட்டது அன்றைக்குத்தான்.

திரும்பினால் என் மனைவி ஒரு ஜோடியை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். வெள்ளை நூல் கையுறை.

"உங்களுக்கு இது போதும்" என்றாள்.

நான் அந்த அம்மாவிடம் சொன்னதெல்லாம் இவள் காதில் விழுந்ததா? இரண்டடி தள்ளித்தான் நின்றாள். ஆனால் என் பேச்சை இவள் காதில் போட்டுக்கொள்வதை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது, கேட்காமலும் இருந்திருக்கலாம். முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. இது வேண்டாம், அந்தத் தோலை எடு என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால், அப்படியென்றால் எதுவுமே வேண்டாம், வீட்டுக்குப் போகலாம் என்றுவிடுவாளோ என்று பயமாக இருந்தது. கையுறை விஷயத்தில் நான் வாயை மூடிக்கொண்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் முறை. அவள் தனக்கு எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் பின்கதவு எனக்கும் திறந்தது. அவள் நடுவில் இருந்த எலுமிச்சையைக் காட்டிவிட்டு, ரோஜாப் பக்கம் முதுகைத் திருப்பி உட்கார்ந்துகொண்டாள். நான் கத்தரியோடு கிளைக்குள் கையை விட்டேன். நீள முள் ஒன்று கட்டைவிரல் அடியில் சுருக்கென்று இறங்கியது. உயிர் போயிற்று. கத்தினால் வெளியே அனுப்பிவிடுவாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த கிளையை வெட்டினேன்.

கைதான் வலித்ததே தவிர வாய் நன்றாகத்தான் இருந்தது. வாளிக்கு அடியில் துளை போட்டிருக்கிறாயா என்று கேட்டேன். தண்ணீரை இலைமேல் ஊற்றாதே என்றேன். மண்வெட்டியை இப்படிப் போட்டுவைத்தால் யாராவது மிதித்துவிடுவார்கள் என்று எடுத்துச் சுவரில் சாத்தினேன். அவள் சீக்கிரமே எழுந்து உள்ளே போய்விட்டாள். வெயில் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அடுத்தடுத்த நாள்களும் அப்படியே போயின. தினமும் எங்காவது குத்தியது. எனக்கென்னவோ சந்தோஷமாகத்தான் இருந்தது.

கட்டைவிரல் அடியில் வீங்க ஆரம்பித்ததைத் துண்டால் மறைத்துக்கொண்டு திரிந்தேன். ஒரு நாள் காபி டம்ளரைப் பிடிக்க முடியாமல் கீழே போட்டேன். அவள் துண்டை இழுத்துப் பார்த்தாள். உடனே டாக்டரிடம் கிளம்பச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

டாக்டர் சின்னப் பெண். கீறி, சீழை எடுத்து, உடைந்த முள் நுனியை வெளியே இழுத்துக் காட்டினாள். கையுறை போடவில்லையா என்று கேட்டாள். நூல் கையுறை என்றேன். எலுமிச்சைக்கா என்று தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகக் கேட்டுவிட்டு, என்ன வேலை பார்த்தீர்கள் என்று விசாரித்தாள். சொன்னேன். அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. வயசாகிவிட்டது அம்மா, கவனக்குறைவு என்று சொல்லிவைத்தேன். என் மனைவி சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்தோம். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

"தெரிஞ்சுதான் எடுத்தேன்" என்றாள்.

"தெரியும்" என்றேன். அப்போதுதான் எனக்கே தெரிந்தது, கடையிலேயே நான் அதைப் புரிந்துகொண்டிருந்தேன் என்று.

"நாலு தடவ குத்துச்சுன்னா விட்டுட்டுப் போயிடுவீங்கன்னு நெனச்சேன். இப்படிச் சீழ் வைக்கிற வரைக்கும் வச்சுப்பீங்கன்னு யாரு கண்டா?" அவள் குரல் உடைந்தது. "கூடத்துல நீங்க. சமையல்கட்டுல நீங்க. அந்த ஒரு மணி நேரந்தாங்க எனக்குன்னு இருந்துச்சு. அங்க நான் செடியகூட ஒழுங்காப் பாக்க மாட்டேன். சும்மா உக்காந்திருப்பேன்."

எனக்குக் கோபமும் வந்தது, வெட்கமும் வந்தது. எதை முதலில் காட்டுவது என்று தெரியவில்லை.

"என்கிட்டயே சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"சொன்னா நீங்க எங்க போவீங்க?"

பஸ் வரும் வரைக்கும் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் அவள் வேலையை முடிக்கும் நேரத்துக்கு முன்பே கிளம்பிவிட்டேன். வாசகசாலைக்குப் போகிறேன் என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டு, வக்கீலின் முகத்தைப் பார்க்காமல் தெருவைக் கடந்தேன். வாசகசாலை பூட்டியிருந்தது. பூங்காவில் நாய்கள் பெஞ்சைப் பிடித்திருந்தன. ஒரு மருந்துக்கடை வாசலில் நின்றேன், கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்டார், நகர்ந்தேன். பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து வருகிற பஸ்ஸையெல்லாம் போகவிட்டேன். கட்டுக்குள் கை விண்விண்ணென்று தெறித்தது. ஆனாலும் மனசுக்குள் ஒரு திருப்தி. இந்நேரம் பின்கதவைச் சாத்திக்கொண்டிருப்பாள், ஒருத்தரும் கூப்பிட மாட்டார்கள், முகம் தெளிந்துகொண்டிருக்கும். தினமும் இப்படி வந்து உட்கார வேண்டியதுதான், வேறு வழியில்லை என்று முடிவு செய்தேன். ஒரு மணி நேரம் நன்றாகத் தாண்டிய பிறகே எழுந்தேன்.

தெருமுனை திரும்பும்போதே பார்த்துவிட்டேன். எங்கள் வீட்டு வாசற்கதவு திறந்து கிடந்தது. அவள் படியில் நின்று தெருவின் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் மண் இல்லை, சேலையில் ஈரம் இல்லை. என்னைக் கண்டதும் இறங்கி வந்து கட்டுப்போட்ட கையைத் தூக்கிப் பார்த்தாள்.

"இந்தக் கையோட எங்க போனீங்க? எங்க விழுந்து கெடக்கீங்களோன்னு வாசல்லயே நிக்கிறேன்."

"தோட்டத்துக்குப் போகலையா?"

"எங்கருந்து போறது?" என்றாள். "நீங்க வீட்ல இருந்தாலும் போச்சு, இல்லேன்னாலும் போச்சு."